வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கணினி

புகைப்படம் திருத்தக் கணினி வாங்கப்போகிற பிள்ளைகள் என் ஸ்டுடியோவுக்கு வந்து முதலில் கேட்பது, "அக்கா, ஐ7 வாங்கலாமா, ரைசன் 7 வாங்கலாமா?" என்றுதான். "எதைப் படம் எடுக்கப்போகிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கோத்தகிரியில் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கல்யாணம், பண்டிகை, தேயிலைத் தோட்டம், மூடுபனி. அதாவது வெள்ளை, பச்சை, மறுபடியும் வெள்ளை.

படகர் வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் வெள்ளை முண்டு உடுத்தி, தலையிலும் வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணியில் கூடும் கூட்டம் முழுக்க வெள்ளை. பின்னால் பனி இறங்கினால் அதுவும் வெள்ளை. தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளிப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் பூவேலைக்கு அடித்துணி வெள்ளை. இந்த வெள்ளைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் காட்டத் தெரியாத திரையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, வேகமான பிராசசரை வைத்து என்ன செய்வது? தராசு கோணலாக இருந்தால், கொழுந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எடை தப்பாகத்தான் வரும்.

ஆகவே கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கைத் திரைக்கு ஒதுக்குங்கள். நூறு ரூபாய் இருந்தால் முப்பது ரூபாய் மானிட்டருக்கு. மிச்சத்தில்தான் மற்றதெல்லாம்.

திரை

லேப்டாப் விவரப் பட்டியலில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. எஸ்ஆர்ஜிபி என்பது இணையத்துக்கும் ஆல்பம் அச்சுக்கும் பொதுவாகப் பின்பற்றப்படும் வண்ண எல்லை. அதில் ஏறக்குறைய 60 சதவீதத்தை மட்டுமே அந்தத் திரையால் காட்ட முடியும் என்பதுதான் அந்த வரியின் பொருள். விலை குறைந்த லேப்டாப்களில் நிறைய இந்த வகைத் திரையோடுதான் வருகின்றன. அதில் கொழுந்தின் இளம்பச்சை சோர்ந்து தெரியும், பூத்துக்குளியின் சிவப்பு மங்கிவிடும். திருத்துகிறவர் என்ன செய்வார்? வண்ணத்தை ஏற்றுவார். திரையில் எல்லாம் சரியாகிவிடும். கோவையில் அச்சாகி ஆல்பம் வந்து சேரும்போது மணப்பெண்ணின் உதட்டுச் சாயம் கண்ணைக் குத்தும்.

வெள்ளையின் கதை வேறு. புது மானிட்டர்கள் பலவற்றில் வெள்ளை நீலம் பாய்ந்தே இருக்கும். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அப்படி அமைத்து அனுப்புகிறார்கள். அந்த நீலத்தை ஈடுகட்ட நாம் நம்மையறியாமல் படத்தில் மஞ்சளைக் கூட்டுவோம். அச்சில் புது முண்டு பழந்துணி நிறத்தில் வரும். எங்கள் ஊர்ப் பாட்டிகள் இதை மன்னிக்கவே மாட்டார்கள். மணமகனின் முகம் இருட்டாக இருந்தால்கூடப் பேசாமல் இருப்பார்கள். துணியின் வெளுப்பு குறைந்தால் ஸ்டுடியோ படியேறி வந்து கேட்பார்கள்.

திரைத் தகட்டை 'பேனல்' என்பார்கள், அதில் பல வகை உண்டு. வாங்க வேண்டியது ஐபிஎஸ் பேனல். எஸ்ஆர்ஜிபி 99 அல்லது 100 சதவீதம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே வண்ணத்தை அளந்து, 'டெல்டா இ 2-க்குக் கீழ்' என்று குறிப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது. நிறப் பிழை கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவில் இருக்கிறது என்று அர்த்தம். டிஎன் பேனலைத் தொடவே வேண்டாம். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே நிழல் பகுதிகள் மாறிவிடும். விஏ பேனல் கறுப்பை ஆழமாகக் காட்டும்; ஆனால் சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் தோல் நிறம் வெளிறும். ஓஎல்இடி திரை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அதை எஸ்ஆர்ஜிபி நிலையில் வைக்காமல் திருத்தினால் எல்லாப் படமும் அழகாக இருப்பதாகத் தோன்றி, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிடுவோம். மேலும், திருத்தும் மென்பொருளின் கருவிப் பட்டைகள் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதால், காலப்போக்கில் அவற்றின் தடம் திரையில் பதிந்துபோகும் ஆபத்து உண்டு.

எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற வண்ண எல்லையான அடோபி ஆர்ஜிபி முழுவதையும் காட்டும் மானிட்டர் வேண்டுமா என்று கேட்பார்கள். ஆல்பம் லேபுகள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபியில் ஜேபெக் கோப்பைத்தான் கேட்கின்றன. அந்த வேலைக்கு இது வீண் செலவு. நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் வைத்துச் சொந்தமாகக் கண்காட்சி அச்சு போடுகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

மூடுபனிப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் கூடுதலாக. பனியில் சாம்பல் மெல்ல மெல்ல வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதே, மலிவான திரையில் அது படிக்கட்டு வைத்ததைப் போலப் பட்டை பட்டையாகத் தெரியும். 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். சில மலிவுத் திரைகள் உண்மையில் 6 பிட் பேனல்கள். அதாவது 64 படிகளை வைத்துக்கொண்டு, மீதியைப் புள்ளிகளை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கின்றன. முழு 8 பிட் பேனலா என்று கேட்டு வாங்குங்கள். பட்டை கோப்பிலேயே இருந்தால் எந்தத் திரையும் காப்பாற்றாது. அதனால் பனியை ரா கோப்பாகவே, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாகவே எடுங்கள். 14 பிட் ராவில் 16,384 படிகள் இருக்கின்றன. ஜேபெக்கில் 256-தான்.

அளவு? 27 அங்குலத்தில் 2560 × 1440 புள்ளிகள் கொண்ட மானிட்டர்தான் என் தேர்வு. பணம் போதாதவர்களுக்கு 24 அங்குலத்தில் 1920 × 1080 போதும். 27 அங்குலத்தில் 1920 × 1080 மட்டும் வேண்டாம். புள்ளிகள் பெரிதாகத் தெரிவதால் கூர்மையைச் சரியாக எடைபோட முடியாது. 4கே திரையில் எல்லாமே கூர்மையாகத் தெரிவதால் கூர்மை குறைந்த படமும் தப்பித்துவிடும். அதை ஓட்டக் கணினிக்கும் வேலை கூடும்.

வாங்கி வந்ததும் முதல் வேலை வெளிச்சத்தைக் குறைப்பது. மானிட்டர்கள் 250, 300 நிட்ஸ் பிரகாசம் காட்டக்கூடியவை. அச்சு வேலைக்கு 80 முதல் 120 போதும். அதற்கு மேல் வைத்துத் திருத்தினால் ஆல்பம் இருட்டாக வரும். வெள்ளையின் நிறத்தை 6500 கெல்வினுக்கு அமையுங்கள். இரண்டையும் கண்ணால் முடிவு செய்ய முடியாது, அளக்க ஒரு கருவி வேண்டும். ஸ்பைடர், கேலிப்ரைட் போன்றவை திரையின் மேல் தொங்கவிட்டு அளப்பவை. மாதம் ஒரு முறை பயன்படும் பொருளுக்குத் தனி ஆள் ஏன் இவ்வளவு செலவழிக்க வேண்டும்? கோத்தகிரியிலும் குன்னூரிலும் இருக்கும் புகைப்படக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக் கைமாற்றிக்கொள்ளலாம். இலவச மென்பொருளான டிஸ்ப்ளேகால் பல கருவிகளோடு வேலை செய்யும். கருவியோடு வரும் மென்பொருள் ஒரு கணினிக்கு மட்டும்தான் என்று முரண்டு பிடித்தால் அது கைகொடுக்கும்.

ஜன்னல் மானிட்டருக்குப் பின்னாலோ, உங்கள் முதுகுக்குப் பின்னாலோ இருக்கும்படி மானிட்டரை வைக்காதீர்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், திரைச்சீலையும் இருக்கட்டும். காலையில் வெயில், பத்து மணிக்குப் பனி, மதியம் மறுபடியும் வெயில் என்று வெளிச்சம் மாறும் ஊர் இது. பனி மூடிய நேரத்தில் அறைக்குள் வரும் வெளிச்சம் நீலமாகிவிடும். அப்போது பார்த்த தோல் நிறமும் வெயிலில் பார்த்த தோல் நிறமும் ஒன்றாக இருக்காது. பச்சை, ரோஸ் சுவர்களும் வேண்டாம். வெளிர் சாம்பல் அடித்துவிடுங்கள்.

ராம், டிஸ்க், மற்றவை

கல்யாண ஆல்பத்தில் 12 × 36 அங்குலத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600 × 10,800. கிட்டத்தட்ட 3.9 கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட்டுகள் வீதம், ஒரே ஒரு அடுக்குக்கு சுமார் 117 எம்பி நினைவகம் வேண்டும். அதன்மேல் பின்னணி, ஏழெட்டுப் படங்கள், நிழல், எழுத்து என்று அடுக்கினால் ஒரு ஜிபியை எளிதில் தாண்டும். செய்ததைத் திரும்ப எடுக்கும் வசதிக்காக மென்பொருள் பழைய நிலைகளையும் வைத்துக்கொள்ளும். இப்படி இரண்டு மூன்று தாள்களைத் திறந்து வைத்து வேலை செய்தால் 8 ஜிபி ராம் திணறும். குறைந்தது 16 ஜிபி. ஆல்பம் வடிவமைப்பே தொழில் என்றால் 32. அந்த ராமை ஒரே குச்சியாக இல்லாமல் இரண்டு குச்சிகளாகப் போட்டால் வேகம் கூடும்.

லேப்டாப் வாங்கும்போது ராம் பலகையோடு ஒட்டப்பட்டதா, கழற்றி மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். "பிறகு ஏற்றிக்கொள்ளலாம் மேடம்" என்று கடைக்காரர் சொன்னால், எந்த இடத்தில் ஏற்றுவது என்று காட்டச் சொல்லுங்கள். ஆப்பிள் கணினிகளில் அந்தப் பேச்சே இல்லை; வாங்கும்போது எவ்வளவோ, கடைசி வரைக்கும் அவ்வளவுதான். 2024-இல் வந்த எம்4 மேக் மினி, திரை இல்லாமல் வரும் ஆப்பிளின் சிறு டெஸ்க்டாப், 16 ஜிபியில் தொடங்குகிறது. நல்ல மானிட்டரை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அது மோசமான தேர்வு இல்லை. 8 ஜிபி உள்ள பழைய மேக் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடாதீர்கள்.

டிஸ்க் விஷயத்தில் குழப்பமே வேண்டாம். இயங்குதளமும் நடப்பு வேலையும் என்விஎம்இ எஸ்எஸ்டி என்ற வேகமான, சுழலும் தட்டில்லாத டிஸ்கில் இருக்க வேண்டும், 512 ஜிபி குறைந்தபட்சம், 1 டிபி நிம்மதி. 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று சுமார் 30 எம்பி என்று வைத்தால், இரண்டாயிரம் படம் எடுக்கும் கல்யாணம் 60 ஜிபி பிடிக்கும். முடிந்த வேலைகளைச் சாதாரண ஹார்ட் டிஸ்கில் தள்ளிவிடலாம். அதை இரண்டு டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் மலையில் வேலை செய்யுமா என்று ஊட்டியிலிருந்து ஒருவர் அக்கறையாகக் கேட்டார். நல்ல கேள்விதான். உள்ளே சுழலும் தட்டின் மேல் காற்றின் பலத்தில்தான் அதன் தலை மிதக்கிறது. அதனால் உற்பத்தியாளர்கள் உயர வரம்பு போடுகிறார்கள், பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். பயப்பட வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு எல்லோருக்கும் தேவையில்லை. ஃபிளாஷ் போட்டுக் கல்யாணம் எடுக்கிறவருக்கு பிராசசரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸே போதும். பறவை எடுக்கிறவர்களின் நிலைமை வேறு. சோலைக்குள் நண்பகலிலும் இருட்டு. கறுப்பும் ஆரஞ்சுமான அந்த ஈப்பிடிப்பான் புதருக்குள்ளேதான் உட்காரும். கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400-க்குக் குறைத்து எடுக்க முடியாது. அதனால் படத்தில் விழும் பொரிப்பொரியை (நாய்ஸ்) நீக்க, லைட்ரூம் என்ற திருத்தும் மென்பொருளில் 2023 ஏப்ரலில் வந்த ஏஐ வசதி அருமையாக வேலை செய்கிறது, ஆனால் முழுச் சுமையும் கிராபிக்ஸ் கார்டின் தலையில். 8 ஜிபி நினைவகமுள்ள கார்டில் நொடிகளில் முடிவது, சாதாரண லேப்டாப்பில் ஒரு படத்துக்கே சில நிமிடங்கள் இழுக்கும். டார்க்டேபிள் என்ற திருத்தும் மென்பொருள் இலவசம், அதுவும் கிராபிக்ஸ் கார்டை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

பிராசசர்: நடுத்தர வகை போதும். ஐ5 அல்லது ரைசன் 5, புதிய தலைமுறை. 'ஐ7' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். நான்காம் தலைமுறை ஐ7-ஐ விடப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 வேகமானது.

பழைய கணினி வாங்கலாமா? தாராளமாக. அலுவலகங்கள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்கள் கோவையில் நிறையக் கிடைக்கின்றன, உறுதியானவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 முறையாக ஏறும் இயந்திரமாகப் பாருங்கள்: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. மெலிந்த சிறு பெட்டி வகைகளில் குள்ளமான கிராபிக்ஸ் கார்டு மட்டுமே நுழையும், பவர் சப்ளையும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம். பின்னால் கார்டு போடும் எண்ணம் இருந்தால் உயரமான பெட்டியையே எடுங்கள். மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்று மறுபடியும் சொல்லத் தேவையில்லை.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா என்றால், ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு டெஸ்க்டாப். வீட்டில் ஒரு மூலையும் வெளியூர்க் கல்யாணமுமாக அலைகிறவருக்கு சுமாரான லேப்டாப்பும், வீட்டில் இணைத்துக்கொள்ள ஒரு நல்ல மானிட்டரும். படம் தேர்ந்தெடுப்பதை லேப்டாப்பில் செய்யலாம். நிறத்தில் கை வைப்பது மட்டும் மானிட்டரில்.

மின்சாரமும் ஓதமும்

சமவெளிக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. மழைக்காலத்தில் மரம் சாய்ந்தால் கரண்ட் போகும், வரும், மறுபடியும் போகும். கரண்ட் இருக்கும்போதும் பக்கத்து வீட்டில் ஹீட்டர் போட்டால் விளக்கு மங்கும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் பிளக்கைச் சொருகாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு 600 விஏ திறனுள்ள யுபிஎஸ் போதும். சேமித்துவிட்டு முறையாக அணைக்கும் நேரம் கிடைக்கும். கார்டு இருந்தால் 1000 விஏ. வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் தானே சீர்செய்யும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டரும் யுபிஎஸ்ஸிலேயே இருக்கட்டும், திரை அணைந்துவிட்டால் எதைச் சேமிப்பீர்கள்? லேசர் பிரிண்டரையும் அறை ஹீட்டரையும் அதில் மாட்டவே கூடாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துச் சோதியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இடி இறங்கும்போது பிளக்கோடு இணையக் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.

அடுத்தது ஓதம். கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் சுவர் நனையும். கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வெளிச்சுவரை ஒட்டிக் கணினியை வைக்காதீர்கள், ஒரு முழம் தள்ளியிருக்கட்டும். தரையிலும் வைக்க வேண்டாம். ஓடும் கணினி தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். பாழாவது வாரக்கணக்கில் மூடி வைத்ததுதான். வேலை இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் தினமும் சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஹார்ட் டிஸ்குகளை லென்ஸ்களோடு சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடுவது எங்கள் ஊரின் பழைய வழக்கம். அந்த இடத்தில் எல்இடி பல்பைப் போட்டுவிட்டுப் பூஞ்சை வருகிறதே என்று கேட்கக் கூடாது. பலன் கொடுத்தது வெளிச்சம் இல்லை, சூடு.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அதிகாலையில் மலை இறங்குகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் பையைத் திறந்தவுடன் அதை ஆன் செய்ய வேண்டாம். குளிர்ந்த உலோகத்தின் மேல் கீழ்நாட்டுச் சூடான ஈரக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும், உள்ளேயும்தான். மூடிய பையிலேயே அரை மணி நேரம் இருக்கட்டும். கேமராவுக்கும் இதே விதி.

கடையில்

பென் டிரைவில் மூன்று படங்களைக் கொண்டுபோங்கள்: வெயிலில் எடுத்த வெள்ளை உடை ஒன்று, மூடுபனி ஒன்று, வீட்டுக்குள் எடுத்த முகம் ஒன்று. அவற்றில் ஒன்றுக்கு லேபில் போட்ட அச்சும் கையில் இருக்கட்டும். கடைக்காரர் ஓட்டிக் காட்டும் கிளியும் பூவுமான வீடியோவைப் பார்க்கவே பார்க்காதீர்கள், அது எந்தத் திரையிலும் நன்றாகத்தான் இருக்கும். நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' நிலையை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' வசதியையும், தானாகப் பிரகாசம் மாறும் வசதியையும் அணையுங்கள். பிறகு உங்கள் படத்தைத் திறந்து, அச்சைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். முண்டின் மடிப்புகள் எல்லாம் தெரிகின்றனவா, அல்லது ஒரே வெள்ளைத் தகடாக இருக்கிறதா? பனியில் பட்டை விழுகிறதா? முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓரடி இடப்பக்கமும் வலப்பக்கமும் நகருங்கள். கடைசியாக முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று கவனியுங்கள். எல்லா ஐபிஎஸ் திரையிலும் கொஞ்சம் இருக்கும், ஒரு மூலை மட்டும் மஞ்சளாக ஒளிர்ந்தால் வேறு பெட்டியைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் வாரண்டி. 'வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம்' என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பது மலைக்கும் பொருந்துமா என்று நிறுவனத்தின் உதவி எண்ணில் கேளுங்கள், உங்கள் பின்கோடைச் சொல்லி. கோத்தகிரிக்கு 643217. "சர்வீஸ் சென்டருக்கு நீங்களே கொண்டுவர வேண்டும்" என்று பதில் வந்தால், மானிட்டரின் அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் வாரண்டி முடியும்வரை பரண்மேல் பத்திரமாக வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் மானிட்டரைக் கொண்டுபோக அதைவிட நல்ல உறை கிடைக்காது. படுக்க வைக்காமல், நிமிர்த்தி, கண்ணாடிப் பக்கம் உங்கள் பக்கமாகப் பார்க்கும்படி மடிக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.